மின்னலின் விசிலைப் பிடித்துக் காந்தக்கோளத்தை அளப்பது எப்படி

காந்தக்கோளத்தில், அதாவது பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளிப் பகுதியில், ஓடும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற துகள்களாலான வாயு) அலைகளைப் பற்றிப் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே பெயர்கள் வரிசைகட்டி நிற்கும்: விசிலர், கோரஸ், ஹிஸ், ஆல்வென் அலை, அயனிச் சைக்ளோட்ரான் அலை, இன்னும் என்னென்னவோ. நான் இரண்டு முறை அப்படித் தொடங்கி இரண்டு முறையும் சமன்பாடுகளுக்கு நடுவே காணாமல் போனேன். மூன்றாம் முறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒரே ஒரு விசிலரை, அதாவது மின்னலில் பிறந்து விண்வெளி வழியாக வந்து விசில் போலக் கேட்கும் அலையை, பதிவு செய்து, திரையில் அதன் வளைவை அளந்து பார்த்தேன். அதற்கப்புறம்தான் எந்தப் பெயர் எங்கே உட்காரும் என்பதே பிடிபட்டது. அதனால் இங்கேயும் அதே வரிசைதான்: முதலில் காது, பிறகு திரை, பிறகு கணக்கு, பெயர்களெல்லாம் கடைசியில்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். நாம் கேட்கப்போவது ஒலி அலை இல்லை, ரேடியோ அலை. ஆனால் அதன் அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது நம் காது கேட்கும் அதே எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே எஃப்.எம். ரேடியோவைப் போல எதையும் பிரித்தெடுக்கத் தேவையில்லை. ஆன்டெனாவில் வரும் மின்னழுத்தத்தைப் பெருக்கி நேராக ஹெட்போனுக்குக் கொடுத்தால் போதும். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க மண்ணில் கம்பி நட்டுப் பெருக்கியோடு உட்கார்ந்திருந்த ஜெர்மானியர்கள் காதில் விழுந்ததும் இதுதான். சிப்பாய்கள் அதைக் குண்டு பறக்கும் சத்தம் என்று பேசிக்கொண்டார்களாம். ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் 1919இல் அதை எழுதிவைத்தார்.

கருவி

ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரமுள்ள செங்குத்துக் கம்பி, ஒரு ஜே-ஃபெட் (உள்ளீட்டில் மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுக்காத டிரான்சிஸ்டர்) பெருக்கி, ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒலிப்பதிவுக் கருவி. இவ்வளவுதான். ஏன் ஜே-ஃபெட் என்றால், ஒரு மீட்டர் கம்பியின் மின்தேக்கம் ஏறக்குறைய 10 பிகோஃபாரட். ஒரு கிலோஹெர்ட்ஸில் அது 16 மெகாஓம் மாதிரி எதிர்ப்புக் காட்டும். இதைக் கொண்டுபோய்ச் சாதாரண மைக் உள்ளீட்டில் மாட்டினால் சிக்னல் முழுக்க வாசலிலேயே செத்துவிடும். அதனால் உள்ளீட்டு மின்மறுப்பு பத்து மெகாஓம் அளவிலாவது இருக்க வேண்டும். அதோடு மீடியம் வேவ் நிலையங்கள் உள்ளே புகுந்து பாடாமல் இருக்க ஒரு சின்ன வடிகட்டி, அப்புறம் தரையில் அடித்த ஓர் ஆணி. இந்த ஆணியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தரை இணைப்பு இல்லாமல் கம்பி மட்டும் வேலை செய்யாது.

கைபேசியில் பதிவு செய்வதாக இருந்தால், பேச்சைத் துலக்கி இரைச்சலைக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அதற்கு மின்னல் வெடிப்பும் இரைச்சல், விசிலரும் இரைச்சல். நீங்கள் தேடி வந்ததையே அழகாகத் துடைத்துப் போட்டுவிடும். கோப்பு எம்பி3யாக வேண்டாம், வேவ் ஆகவே இருக்கட்டும்.

உண்மையான எதிரி மின்கம்பி. 50 ஹெர்ட்ஸ் முனகலும் அதன் மடங்குகளும் 100, 150, 200 என்று ஏறிக்கொண்டே போய் இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் மூடிவிடும். வீட்டு மாடியில் வைத்துக் கேட்டுவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று கைவிடுபவர்கள் அதிகம். மின்கம்பியிலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போங்கள், இன்னும் தள்ளிப் போக முடிந்தால் நல்லது. மடிக்கணினி எடுத்துப்போனால் அதுவும் பேட்டரியில்தான் ஓட வேண்டும். முதல் இரவில் நான் கோரஸ் (பறவைக் கூட்டம் போலக் கேட்கும் இன்னோர் அலை) கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தது சார்ஜரின் சத்தத்துக்கு. பிளக்கைப் பிடுங்கியதும் கோரஸ் நின்றுவிட்டது. இன்னொரு வேடிக்கை, கம்பிக்குப் பக்கத்தில் பறக்கும் வண்டும் கேட்கும், ஏனென்றால் பறக்கும் பூச்சியின் உடலில் மின்னூட்டம் ஏறியிருக்கும், சிறகு அடிக்க அடிக்க அது கம்பியில் ரீங்காரமாக விழும்.

இடி பக்கத்தில் இருந்தால் கம்பியை நட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நமக்குத் தேவையான மின்னல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் அடித்தால் போதும்.

முதலில் ட்வீக்

நள்ளிரவுக்குப் பிறகு, விடியலுக்கு முன்பு கேளுங்கள். பகலில் அயனி மண்டலத்தின் (மேல்வளிமண்டலத்தில் மின்னூட்டம் பெற்ற அடுக்கின்) அடிப்பகுதி இந்த அலைகளை விழுங்கிவிடும்.

ஹெட்போனை மாட்டியதும் கேட்பது எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற படபடப்பு. ஒவ்வொரு வெடிப்பும் எங்கோ அடித்த ஒரு மின்னல். இரவில் கொஞ்ச நேரம் காது பழகினால், சில வெடிப்புகள் மட்டும் "ட்யூக்" என்று சின்ன வால் வைத்து முடிவதைக் கவனிப்பீர்கள். அவைதான் ட்வீக். இது விண்வெளிக்குப் போகாத அலை. தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே மோதி மோதி ஓடி வந்தது. ஆனாலும் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து, டிராக் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் (இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண் காட்டும் படம்) பார்வைக்கு மாறுங்கள். மேல் எல்லை 10,000 ஹெர்ட்ஸ், அளவுகோல் நேர்கோட்டு முறை, ஜன்னல் அளவு 512. ட்வீக்கின் வால் கீழே வளைந்து வந்து ஓர் அதிர்வெண்ணில் தரைதட்டி நிற்பது தெரியும். அங்கே சுட்டியை வைத்துப் படியுங்கள். 1.7 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒளியின் வேகமான நொடிக்கு 3,00,000 கிலோமீட்டரை இதன் இரண்டு மடங்கால், அதாவது 3,400ஆல் வகுத்தால் 88 வருகிறது. அன்றிரவு உங்கள் பக்கத்து அயனி மண்டலத்தின் அடித்தளம் 88 கிலோமீட்டர் உயரத்தில் இருந்திருக்கிறது. ஒரு குச்சிக் கம்பியை வைத்து இதைக் கண்டுபிடித்தீர்கள். எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

இப்போது விசிலர்

விசிலர் அப்படிப் படக்கென்று முடிந்துவிடாது. "ப்யூ..." என்று மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு இறங்கும், ஒன்றிரண்டு நொடி நீடிக்கும். ஜன்னல் அளவை 2048 ஆக்கிக்கொள்ளுங்கள். 44,100 மாதிரி வீதத்தில் அது 46 மில்லிநொடித் துல்லியம், விசிலருக்குப் போதும். திரையில் இடதுபுறம் செங்குத்தாகத் தொடங்கி, கீழே வர வர வலதுபக்கம் சாய்ந்து படுக்கும் ஒரு வளைவு தெரியும்.

அந்த வளைவில் இரண்டு புள்ளிகளை எடுங்கள். உதாரணமாக 5,000 ஹெர்ட்ஸைக் கடக்கும் நேரம், 2,000 ஹெர்ட்ஸைக் கடக்கும் நேரம். இரண்டுக்கும் இடைவெளி அரை நொடி என்று வையுங்கள். பிரிட்டிஷ் பொறியாளர் எக்கர்ஸ்லி 1935இல் தந்த விதி இது (சிதறல் எண் என்பது அலை வந்த பாதையைப் பொறுத்த எண், பாதை நீளமும் எலக்ட்ரான்களும் கூடக் கூட அதுவும் கூடும்):

தாமதம் = சிதறல் எண் ÷ √அதிர்வெண்

√2,000இன் தலைகீழ் 0.02236, √5,000இன் தலைகீழ் 0.01414, வித்தியாசம் 0.00822. அரை நொடியை இதனால் வகுத்தால் சிதறல் எண் ஏறக்குறைய 61. நடு அட்சரேகைகளில் 50 முதல் 100 வரை வருவது வழக்கம், பூமியை ஒட்டித் தாழ்வாகப் போகும் பாதைகளில் 10, 20 என்று குறைவாக வரும். அடுத்து இதே எண்ணை வைத்துப் பின்னோக்கிப் போகலாம்: 5,000 ஹெர்ட்ஸ் அலை 61 × 0.01414, அதாவது 0.86 நொடி பயணம் செய்திருக்கிறது. ஆகவே திரையில் அந்தப் புள்ளியிலிருந்து 0.86 நொடி இடதுபக்கம் போய்த் தேடுங்கள். அங்கே ஒரு செங்குத்துக் கோடு நிற்க வேண்டும், இந்த விசிலரைப் பெற்ற மின்னல் அதுதான். முதல் முறை கணக்குச் சொன்ன இடத்தில் கோடு இருந்ததைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பத் திரும்ப மூன்று தடவை அளந்தேன்.

அது ஏன் இறங்குகிறது

ஒரே மின்னலில் எல்லா அதிர்வெண்ணும் ஒரே கணத்தில்தான் பிறக்கின்றன. ஆனால் வழியில் உயர் அதிர்வெண் முந்திக்கொள்கிறது, தாழ்ந்தது பின்தங்குகிறது. இதற்குக் காரணமாக இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று பிளாஸ்மா அதிர்வெண். எலக்ட்ரான் கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் அது தானாக ஊசலாடும் வேகம் அது. ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் கிலோஹெர்ட்ஸில் கிடைக்கும். இன்னொன்று சுழல் அதிர்வெண். காந்தப்புலக் கோட்டைச் சுற்றி எலக்ட்ரான் வட்டமடிக்கும் வேகம். ஒரு நானோடெஸ்லாவுக்கு 28 ஹெர்ட்ஸ்.

பூமியின் மையத்திலிருந்து நான்கு பூமி ஆரம் தொலைவில், காந்த நடுக்கோட்டுத் தளத்தில் போய் நில்லுங்கள். தரையில் நடுக்கோட்டில் 31,000 நானோடெஸ்லா இருக்கும் புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 31,000ஐ 64ஆல் வகுத்தால் 484. சுழல் அதிர்வெண் 13.6 கிலோஹெர்ட்ஸ். எலக்ட்ரான்கள் கன சென்டிமீட்டருக்கு 400 என்று வைத்தால் பிளாஸ்மா அதிர்வெண் 180 கிலோஹெர்ட்ஸ். இப்போது நம் 5 கிலோஹெர்ட்ஸ் அலை அங்கே வருகிறது. காந்தப்புலமே இல்லாவிட்டால் 180க்குக் கீழே உள்ள எந்த ரேடியோ அலையையும் அந்தப் பிளாஸ்மா உள்ளே விடாது, திருப்பி அனுப்பிவிடும். காந்தப்புலம் இருப்பதால் எலக்ட்ரான்கள் நினைத்த பக்கம் ஓட முடியாமல் கோட்டைச் சுற்றிச் சுழல்கின்றன; அதே திசையில் சுழன்றுகொண்டு வரும் அலைக்கு, அதன் அதிர்வெண் 13.6க்குக் கீழே இருக்கும் வரை, வழி திறக்கிறது. விசிலர் முறை என்று சொல்வது இந்தத் திறந்த கதவைத்தான்.

கதவு திறந்தாலும் ஓட்டம் மெதுவானது. இந்த எண்களைப் போட்டால் ஒளிவிலகல் எண் 27 சொச்சம் வருகிறது. கண்ணாடிக்கே ஒன்றரைதான். வெற்றிடத்தில் 60 கிலோமீட்டர் நீளம் இருக்கும் அலை அங்கே 2.2 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அலைப்பொதி நகரும் வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர், ஒளியில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது. சுழல் அதிர்வெண்ணைவிட மிகத் தாழ்ந்த அலைகளுக்கு இந்த வேகம் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. எக்கர்ஸ்லி விதியில் இருக்கும் வர்க்கமூலம் அங்கிருந்துதான் வந்தது.

எந்தத் திசையில் போகிறது

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். அலை முகம் பார்க்கும் திசையும் ஆற்றல் ஓடும் திசையும் பிளாஸ்மாவில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எல்.ஆர்.ஓ. ஸ்டோரி கேம்பிரிட்ஜில் 1953இல் காட்டியது இது: தாழ்ந்த அதிர்வெண் விசிலரின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், அதன் ஆற்றல் காந்தப்புலக் கோட்டிலிருந்து சுமார் 19.5 பாகைக்கு மேல் விலகாது. குதிரை எங்கே பார்த்தாலும் வண்டி தடத்தைவிட்டுப் பெரிதாக விலகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஓர் அரைக்கோளத்தில் மின்னலடித்தால் ஆற்றல் புலக்கோட்டைப் பிடித்து மேலேறி, வளைந்து, எதிர் அரைக்கோளத்தில் அதே கோட்டின் அடியில் இறங்குகிறது. அந்தத் தாமதத்தை வைத்து, அதுவரை வெறுமை என்று எண்ணியிருந்த உயரங்களில் கன சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கான எலக்ட்ரான்கள் இருப்பதை ஸ்டோரி சொன்னார், அப்போது ஒரு செயற்கைக்கோள்கூட மேலே போயிருக்கவில்லை.

19.5 பாகையும் தரைக்கு வந்து சேரப் போதாது. தரையில் கேட்பவை பெரும்பாலும் குழாய் வழியாக வந்தவை. புலக்கோட்டை ஒட்டிச் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகவோ, கொஞ்சம் நொய்வாகவோ பிளாஸ்மா திரண்டிருக்கும். அடர்த்தியான குழாய் ஒளி இழையைப் போல அலையை உள்ளேயே வைத்துக்கொண்டு போகும், ஆனால் சுழல் அதிர்வெண்ணின் பாதி வரைக்கும்தான். குழாயில் சிக்காத அலை சாய்ந்து சாய்ந்து போய், மேலேயே திரும்பிவிடும். அதைச் செயற்கைக்கோள் கேட்கும், நாம் கேட்க முடியாது.

இதனால்தான் இடம் முக்கியம். காந்த அட்சரேகை 30 முதல் 60 பாகை வரை நல்ல அறுவடை. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் புலக்கோடு அயனி மண்டலத்தைத் தாண்டி எழும்புவதே இல்லை. அங்கே ட்வீக் தாராளமாகக் கிடைக்கும், விசிலருக்குக் காத்திருந்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அட்சரேகை ஏற ஏற இன்னொரு வடிவம் வரும்: வளைவு கீழே மட்டும் இல்லாமல் மேலேயும் வலப்பக்கம் வளைந்து, நடுவில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சுழல் அதிர்வெண்ணை நெருங்கும் அலையும் மெதுவாகிவிடுவதால் வருவது இது. மூக்கு கிடைத்தால் விடாதீர்கள். அது நிற்கும் அதிர்வெண், பாதையின் உச்சியில் உள்ள சுழல் அதிர்வெண்ணில் சுமார் 0.4 பங்கு. மூக்கு 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் உச்சியில் 12.5, 28ஆல் வகுத்தால் 446 நானோடெஸ்லா, 31,000ஐ அதனால் வகுத்து மும்மடி மூலம் எடுத்தால் 4.1. அலை பூமியின் மையத்திலிருந்து 4.1 பூமி ஆரம் வரை போய் வந்திருக்கிறது. இப்படி மூக்கு மூக்காக அளந்துதான் டொனால்ட் கார்ப்பென்டர் 1963இல் பிளாஸ்மாக்கோளத்துக்கு (பூமியைச் சூழ்ந்த அடர்த்தியான பிளாஸ்மாப் பகுதிக்கு) திடீரென்று முடியும் ஓர் எல்லை இருப்பதைக் கண்டார். எல்லைக்கு உள்ளே நூற்றுக்கணக்கில் இருந்த எலக்ட்ரான், வெளியே ஒற்றை இலக்கத்துக்கோ பத்துக்கோ விழுந்துவிடுகிறது.

மற்ற அலைகள்

சரி, இப்போது பெயர்ப் பட்டியல். எந்த அலை வந்தாலும் அந்த இடத்தின் சுழல் அதிர்வெண்களை எழுதிவைத்துக்கொண்டு, இது எதற்கு மேலே, எதற்குக் கீழே என்று மட்டும் கேளுங்கள். நான்கு பூமி ஆரத்தில் எலக்ட்ரானுக்கு 13.6 கிலோஹெர்ட்ஸ், அதை 1,836ஆல் வகுத்தால் புரோட்டானுக்கு 7.4 ஹெர்ட்ஸ்.

கோரஸ் எலக்ட்ரான் சுழலின் 0.1 பங்கிலிருந்து 0.8 பங்குக்குள் வரும், சரியாகப் பாதியில் எதுவும் இல்லாத ஓர் இடைவெளியோடு. விசிலர் இறங்கும், இது பெரும்பாலும் ஏறும். விடிகாலையில் பறவைக் கூட்டம் போலக் கேட்கும். இதைப் பிறப்பிப்பது மின்னல் அல்ல. காந்தப்புயல் நேரத்தில் இரவுப் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளப்படும் எலக்ட்ரான்கள், அலைக்கு எதிர்த்திசையில் ஓடும்போது டாப்ளர் விளைவால் அதைத் தங்கள் சுழல் வேகத்துக்குச் சமமாக உணர்ந்து, ஆற்றலைக் கைமாற்றிவிடுகின்றன. அதே கோரஸ் வேறு சில எலக்ட்ரான்களை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரை ஏற்றி, செயற்கைக்கோள்களுக்கு வினையாக்குகிறது. ஹிஸ் என்பது பிளாஸ்மாக்கோளத்துக்குள் நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஓரிரு கிலோஹெர்ட்ஸ் வரை ஓயாமல் வரும் "ஸ்ஸ்". பூமியைச் சுற்றி வேகமான துகள்கள் சிக்கிக் கிடக்கும் இரண்டு கதிர்வீச்சுப் பட்டைகளுக்கும் நடுவே இடைவெளி இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

புரோட்டான் சுழலுக்குக் கீழே வந்தால் அயனிச் சைக்ளோட்ரான் அலைகள், எதிர்ப்பக்கம் சுழலும். காதுக்கு எட்டாது, சுருள் காந்தமானி வேண்டும். அதற்கும் கீழே, புலக்கோடே வீணைத் தந்தி போல ஆடும் ஆல்வென் அலைகள்; ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். ஹான்னஸ் ஆல்வென் 1942இல் சொன்னது, நோபல் 1970இல் வந்தது. அதிர்வெண்ணில் மேலே போனால் துருவ ஒளியோடு பிறக்கும் கிலோமீட்டர் அலைகள். அயனி மண்டலம் வழிமறிப்பதால் தரைக்கு இறங்காது, அதனால் நமக்கு இங்கே வேலையில்லை.

வானமோ இடமோ ஒத்துழைக்காவிட்டால், 2012 ஆகஸ்ட் 30 முதல் 2019 வரை பறந்த நாசாவின் வான் ஆலன் ஆய்வுக்கலங்களின் பதிவுகளை அயோவா பல்கலைக்கழகம் ஒலிக்கோப்புகளாகவே வைத்திருக்கிறது; கோரஸைத் தெளிவாகக் கேட்க அதுதான் சுலபம். திரையின் மேல் எல்லையை உயர்த்திப் பார்க்கும்போது உங்கள் பதிவில் 19.8 கிலோஹெர்ட்ஸில் அசையாத கோடு தெரிந்தால் அது ஆஸ்திரேலியாவின் கடற்படை ஒலிபரப்பி, வானத்திலிருந்து வந்ததில்லை.

கடைசியாக ஒரு பயிற்சி. ஒரே விசிலர் திரும்பத் திரும்ப எதிரொலித்து வருவது உண்டு. ஒவ்வொன்றின் சிதறல் எண்ணையும் தனித்தனியே, பெற்ற மின்னலிலிருந்து அளந்து, முதல் விசிலரால் வகுத்துப் பாருங்கள். 1, 3, 5 என்று ஏறினால் மின்னல் எதிர் அரைக்கோளத்தில் அடித்தது: ஒரு பாய்ச்சலில் வந்து, பிறகு ஒவ்வொரு முறையும் போய்த் திரும்பியிருக்கிறது. 1, 2, 3 என்று ஏறினால் மின்னல் உங்கள் பக்கத்திலேயே அடித்து, முதல் விசிலரே போய் வந்த இரண்டு பாய்ச்சல். அப்படியானால் தொடக்கத்து வெடிப்பும் காதைக் கிழிக்கிற மாதிரி பலமாக இருக்கும், ஹெட்போனின் சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டே கேளுங்கள்.